சிறைக்குப் பதில் சிகிச்சை: கலிஃபோர்னியாவில் டைவர்ஷன் கேட்பது எப்படி?

கலிஃபோர்னியாவில் நம் வீட்டுப் பிள்ளை போதைப்பொருள் வழக்கிலோ, மனநிலை சரியில்லாத நேரத்தில் செய்த காரியத்துக்காகவோ கைதாகிவிட்டால், தெரிந்தவர்கள் சொல்வது இரண்டுதான்: பெயில் கட்டுங்கள், பெரிய வக்கீலாகப் பாருங்கள். சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்பி, அது முடிந்ததும் வழக்கையே தள்ளுபடி செய்யும் டைவர்ஷன் என்ற ஏற்பாடு சட்டத்திலேயே இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் முதலில் சொல்லவில்லை. என் தம்பியின் வழக்கில் பலரிடம் விசாரித்து, கோர்ட் வராந்தாவில் காத்துக் கிடந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இன்னொரு குடும்பம் அந்த அலைச்சல் படவேண்டாம்.

நான் வக்கீல் இல்லை. மாநிலத்தில் 58 கவுன்டிகள். சட்டம் ஒன்றுதான், ஆனால் நடைமுறை கவுன்டிக்குக் கவுன்டி மாறும். வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இங்கே சொல்லும் சட்டப் பிரிவுகள் பொருந்தாது. குடியேற்றம் பற்றிச் சொல்லியிருப்பது மட்டும் எங்கே இருந்தாலும் பொருந்தும். அதைத் தவறாமல் படியுங்கள்.

1. முதல் இரண்டு நாள்

காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் கொண்டுவர வேண்டும். ஞாயிறும் விடுமுறை நாளும் இந்தக் கணக்கில் வராது. அதனால் வெள்ளி இரவு கைதானவருக்குத் திங்கள், செவ்வாய் என்று ஆகிவிடும். இந்த முதல் ஆஜருக்கு அரெய்ன்மென்ட் என்று பெயர். கையில் ஒரு சீட்டைக் கொடுத்து விட்டுவிட்டார்கள் என்றால், அந்தச் சீட்டிலேயே தேதி இருக்கும். அன்று போகாவிட்டால் வாரன்ட்தான்.

சிறையிலிருந்து வரும் போன் பதிவாகிறது. தமிழில் பேசினாலும் பதிவுதான், மொழிபெயர்க்க ஆள் கிடைப்பார்கள். "என்னடா நடந்தது, ஏன்டா செஞ்ச" என்று அம்மா கேட்கத்தான் செய்வார். அவன் அழுதுகொண்டே சொல்வதெல்லாம் அரசு வக்கீலின் கைக்குப் போகலாம். சாப்பிட்டாயா, மாத்திரை கொடுத்தார்களா, அடுத்த தேதி என்ன, இவ்வளவு போதும். காவலில் இருப்பவர் ஏதாவது மனநல மருந்து எடுப்பவராக இருந்தால், மருந்தின் பெயர், அளவு, எழுதிக் கொடுத்த டாக்டரின் எண் மூன்றையும் அன்றைக்கே சிறையின் மருத்துவப் பிரிவுக்குச் சொல்லுங்கள். மருந்து விட்டுப்போனால் நிலைமை மோசமாகும், கோர்ட்டிலும் அது தெரியும்.

பெயில் பாண்டுக்காரரிடம் ஓடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அவருக்குக் கட்டும் தொகை பொதுவாக பெயிலில் 10 சதவீதம், அது திரும்பி வராது. அரெய்ன்மென்டில் நீதிபதி சொந்தப் பொறுப்பிலேயே விடுவிக்கவும் கூடும்.

குடித்துவிட்டு ஓட்டிய வழக்காக இருந்தால் இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. லைசென்ஸைக் காப்பாற்ற டிஎம்வியிடம், அதாவது லைசென்ஸ் கொடுக்கும் மாநில வாகனத் துறையிடம், விசாரணை கேட்க, கைதான நாளிலிருந்து 10 நாள்தான். இதற்கும் கோர்ட் தேதிக்கும் சம்பந்தமில்லை.

2. வக்கீல் ஒருவர் போதாது

வசதி இல்லாதவருக்குக் கோர்ட் பப்ளிக் டிஃபெண்டரை நியமிக்கும். இலவச வக்கீல் என்றதும் நம் ஆட்களுக்கு ஒரு இளக்காரம் வந்துவிடுகிறது. தயவுசெய்து அதை விடுங்கள். எந்த நீதிபதி எந்தத் திட்டத்தை நம்புகிறார், எந்தச் சிகிச்சை மையத்தில் இடம் இருக்கிறது என்பதெல்லாம் தினமும் அதே கோர்ட்டில் நிற்பவருக்குத்தான் தெரியும். பல அலுவலகங்களில் சமூகப் பணியாளர்களும் இருக்கிறார்கள். ஜூலை 2021-லிருந்து இந்தச் சேவைக்குக் கட்டணம் வசூலிப்பதும் நின்றுவிட்டது. தனியார் வக்கீல் வைத்தால், "இந்தக் கவுன்டியில் டைவர்ஷன் மனு எத்தனை போட்டிருக்கிறீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள்.

அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் என்றால், குடியேற்ற வக்கீல் ஒருவரும் கட்டாயம் வேண்டும். எச்1பி, எச்4, எஃப்1, கிரீன் கார்டு எதுவாக இருந்தாலும் சரி. குற்ற வழக்கு வக்கீல் குடியேற்ற விளைவுகளைச் சொல்லியாக வேண்டும் என்று 2010-இல் படியா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கலிஃபோர்னியா சட்டத்திலும் அது கடமை. ஆகவே "இமிக்ரேஷன் எனக்குத் தெரியாது" என்று வக்கீல் கைகழுவ விடாதீர்கள்.

அப்புறம், மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலம் தடுமாறுபவருக்குக் குற்ற வழக்கில் மொழிபெயர்ப்பாளர் இலவசம், அது உரிமை. ஆனால் தமிழுக்கு ஆள் குறைவு. முதல் நாளே 'தமிழ்' என்று தெளிவாகச் சொல்லி அடுத்த தேதிக்குப் பதிய வையுங்கள். பார்த்துவிட்டு இந்தி என்று குறித்துக்கொள்பவர்கள் உண்டு. இலங்கைத் தமிழர் என்றால் அதையும் சொல்லுங்கள். உறவினரே மொழிபெயர்ப்பது வேண்டாம்.

3. எந்தத் திட்டம் என்று பாருங்கள்

எல்லாவற்றையும் டைவர்ஷன் என்றே சொல்வார்கள். உள்ளே போனால் ஒவ்வொன்றும் வேறு.

பீனல் கோட் (மாநிலக் குற்றவியல் சட்டம்) பிரிவு 1000: சொந்த உபயோகத்துக்குப் போதைப்பொருள் வைத்திருந்தது போன்ற சிறிய வழக்குகளுக்கு. விற்பனை வழக்குக்குக் கிடையாது. வன்முறை இருக்கக்கூடாது, முந்தைய 5 ஆண்டுகளில் ஃபெலனி எனப்படும் கடும் குற்றத்துக்கான தண்டனை இருக்கக்கூடாது. 'குற்றவாளி இல்லை' என்று சொல்லிவிட்டே சேரலாம். 12 முதல் 18 மாதம்.

பீனல் கோட் 1001.95: மிஸ்டிமீனர் எனப்படும் சிறு குற்றங்களுக்கு. அரசு வக்கீல் எதிர்த்தாலும் நீதிபதி கொடுக்கலாம். அதிகபட்சம் 24 மாதம். குடும்ப வன்முறை, பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தது, பாலியல் குற்றப் பதிவேட்டில் சேரும் குற்றங்கள் ஆகியவற்றுக்குக் கிடையாது.

பீனல் கோட் 1001.36: மனநல டைவர்ஷன். நம்மில் பலருக்குத் தெரியாததும், கதவு அகலமாக இருப்பதும் இதுதான். ஃபெலனிக்கும் உண்டு. கடந்த 5 ஆண்டுகளுக்குள் மனநலப் பாதிப்பு என்று முறையான நிபுணர் கண்டறிந்திருக்க வேண்டும். பைபோலார், ஸ்கிட்சோஃப்ரினியா, பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) மட்டுமல்ல, போதைப் பழக்க நோயும் இதில் அடங்கும். அந்தப் பாதிப்புதான் குற்றத்துக்கு முக்கியக் காரணம் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பாரம் எதிர்ப்பவர் மேல். பொதுமக்களுக்குப் பெரிய ஆபத்து இல்லை என்று நீதிபதிக்குத் திருப்தி வரவேண்டும். மிஸ்டிமீனருக்கு அதிகபட்சம் ஓர் ஆண்டு, ஃபெலனிக்கு இரண்டு. கொலை, பாலியல் வன்கொடுமை போன்றவை விலக்கு.

டிரக் கோர்ட், மனநல கோர்ட், முன்னாள் ராணுவத்தினர் கோர்ட்: இவை கவுன்டி நடத்தும் சிகிச்சை நீதிமன்றங்கள். நீதிபதி, அரசு வக்கீல், பப்ளிக் டிஃபெண்டர், புரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு) அதிகாரி, சிகிச்சை மையத்து ஆள் என்று எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து உங்கள் வீட்டு ஆளைப் பற்றிப் பேசுவார்கள். ஆரம்பத்தில் வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆஜர், பிறகு படிப்படியாகக் குறையும். கடுமையான பழக்கம் உள்ளவருக்கு உண்மையிலேயே பலன் தரும் இடம். ஆனால் பல இடங்களில் முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் உள்ளே போக முடியும்.

புரொபொசிஷன் 36: நவம்பர் 2024-இல் மக்கள் வாக்களித்து வந்தது. ஏற்கெனவே இரண்டு போதைப்பொருள் தண்டனை இருப்பவர் கடும் போதைப்பொருளோடு மறுபடி பிடிபட்டால் ஃபெலனி. குற்றத்தை ஒப்புக்கொண்டு சிகிச்சை முடித்தால் தள்ளுபடி. 2000-இலும் 2012-இலும் இதே எண்ணில் வேறு சட்டங்கள் வந்திருக்கின்றன. யாராவது "36" என்று சொன்னால் எந்த ஆண்டுச் சட்டம் என்று கேளுங்கள்.

டியூஐ, அதாவது குடித்துவிட்டு ஓட்டியது: 1001.36-ம் இல்லை, 1001.95-ம் இல்லை. மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் தெளிவாகச் சொல்லிவிட்டன. வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

கேர் கோர்ட் என்றும் ஒன்று காதில் விழும். அது கடும் மனநோய் உள்ளவருக்குச் சிகிச்சை ஏற்பாடு செய்யும் சிவில் வழி. குடும்பத்தினரே மனு போடலாம், ஆனால் குற்ற வழக்கு அதனால் போய்விடாது.

4. 'கில்ட்டி' சொல்வதற்கு முன் நில்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

எங்களுக்கு முதலில் கிடைத்த வக்கீல், "இன்றைக்கு ஒப்புக்கொள்ளட்டும், புரோகிராம் முடித்தால் கேஸ் இருக்காது" என்றார். மாநிலச் சட்டப்படி அவர் சொன்னது சரிதான். குடியேற்றச் சட்டப்படி அது பெரிய பள்ளம். அமெரிக்க மத்திய அரசின் கணக்கில், ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டாலோ, எதிர்க்கவில்லை என்று சொன்னாலோ, குற்றத்துக்குப் போதுமான சங்கதிகளை ஒப்புக்கொண்டாலோ, அதோடு நீதிபதி ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்தால், அது குற்றத் தண்டனை பெற்றதாகவே கணக்கு. பின்னால் மாநில கோர்ட் வழக்கைத் தள்ளுபடி செய்தாலும் அது அழியாது. போதைப்பொருள் தண்டனை என்றால் கிரீன் கார்டு வைத்திருப்பவரையே நாடு கடத்தலாம். சொந்த உபயோகத்துக்கு 30 கிராமுக்குள் கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு வழக்குக்கு மட்டும் அங்கே விலக்கு.

அதனால், குடியுரிமை இல்லாதவர்களுக்கு முதலில் கேட்க வேண்டியவை 1000, 1001.95, 1001.36. இவை மூன்றிலும் ஒப்புதல் வாக்குமூலம் தேவையில்லை. டிரக் கோர்ட்டும் 2024-இன் 36-ம் குடியேற்ற வக்கீல் பார்த்து சரி என்று சொன்ன பிறகுதான். ஒப்புதல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "போலீஸ் ரிப்போர்ட்டில் உள்ளது உண்மை என்று ஏற்கிறேன்" என்ற வரியைப் படிவத்தில் வைத்திருப்பார்கள். அந்த ஒரு வரியே போதும், ஆபத்து வர. கையெழுத்துப் போடும் முன் படிவத்தின் பிரதியைக் குடியேற்ற வக்கீலுக்கு அனுப்புங்கள்.

நேரக் கணக்கும் இங்கேதான் வருகிறது. 1001.36-ஐ விசாரணை தொடங்கும் முன், ஒப்புதல் கொடுக்கும் முன் கேட்டுவிட வேண்டும் என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2023-இல் பிரேடன் வழக்கில் சொல்லிவிட்டது. ஒப்புக்கொண்ட பிறகு டைவர்ஷன் ஞாபகம் வந்து பயனில்லை. அரெய்ன்மென்டில் வக்கீல் அவகாசம் கேட்பது சாதாரணம். விரைவு விசாரணை உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள். டைவர்ஷனுக்கு அது தேவைதான். ஆள் காவலில் இருந்தால் மட்டும் அதனால் எத்தனை நாள் கூடும் என்று முதலில் கேளுங்கள்.

5. மனுவுக்கான பேப்பர்கள்

1001.36-க்கு நாங்கள் சேர்த்தவை: பழைய மருத்துவப் பதிவுகள், மருந்துச் சீட்டுகள், மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போதைய நிபுணரின் மதிப்பீடு, சிகிச்சைத் திட்டம், 'எங்களிடம் சேர்த்துக்கொள்கிறோம்' என்று சிகிச்சை மையம் கொடுக்கும் கடிதம், தங்கும் இடத்துக்கான உறுதி, வேலை அல்லது படிப்பு பற்றிய கடிதம்.

சென்னையிலோ மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ முன்பு பார்த்த டாக்டரின் பதிவு இருந்தால் அதையும் வரவழையுங்கள். நோய் புதிதாக முளைத்ததல்ல என்று அது காட்டும். ஆனால் நோயைக் கண்டறிந்த தேதி 5 ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்பதால் இங்கே புதிய மதிப்பீடும் தேவைப்படும்.

மருத்துவப் பதிவை வாங்க, நோயாளி கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வேண்டும். போதைப் பழக்கச் சிகிச்சைப் பதிவுகளுக்குத் தனிச் சட்டம் இருப்பதால் அதற்கென்று தனி ஒப்புதல் கேட்பார்கள். ஆள் சிறையில் இருக்கும்போது கையெழுத்து வாங்குவதில்தான் நாட்கள் ஓடும். வக்கீல் முதல் தடவை பார்க்கப் போகும்போதே எல்லாப் படிவங்களையும் கொடுத்தனுப்புங்கள்.

மையத்தின் கடிதம் இல்லாமல் நிறைய மனுக்கள் தேங்கி நிற்கின்றன. சிகிச்சை வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதாது. எங்கே, என்றிலிருந்து, வாரத்துக்கு எத்தனை அமர்வு, யார் கோர்ட்டுக்கு அறிக்கை அனுப்புவார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கவுன்டி மனநலத் துறை பொறுப்பேற்கச் சம்மதித்தால்தான் அங்கே அனுப்ப முடியும். படுக்கைக்குக் காத்திருப்போர் பட்டியலும் நீளம். மனு போட்ட பிறகு தேடாமல் அதற்கு முன்பே தேடுங்கள்.

குடும்பத்தின் கடிதம் எழுதும்போது "என் பையன் அப்படிப்பட்டவனே இல்லை" என்று எழுதவேண்டாம். எப்போது தூக்கம் கெட்டது, எப்போது மருந்தை நிறுத்தினார், வீட்டில் என்ன கவனித்தீர்கள், இனி யார் கூட இருப்பார், யார் வண்டியில் கூட்டிப்போவார் என்று எழுதுங்கள். வக்கீல் படிக்காமல் அந்தக் கடிதம் கோர்ட்டுக்குப் போகக்கூடாது.

6. செலவு

பப்ளிக் டிஃபெண்டர் என்றால் நிபுணர் மதிப்பீட்டின் செலவை அலுவலகமே ஏற்க வழி உண்டு, கேளுங்கள். தனியாகச் செய்தால் ஆயிரக்கணக்கான டாலர் ஆகலாம். குறைந்த வருமானம் உள்ளவருக்கு மெடி-கேல் என்ற மாநில மருத்துவக் காப்பீடு சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொள்ளும். சிறையில் இருக்கும்போது அது நிறுத்தி வைக்கப்படும், வெளியே வந்ததும் உயிர்ப்பிக்கச் சொல்லுங்கள்.

கம்பெனி இன்ஷூரன்ஸ் என்றால் ஒரு பொறி இருக்கிறது. கோர்ட் உத்தரவு என்பதற்காக அவர்கள் பணம் தரமாட்டார்கள். மருத்துவத் தேவை என்று டாக்டர் எழுதி, முன் அனுமதி வாங்கி, அவர்கள் பட்டியலில் உள்ள மையமாகவும் இருக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடு கொடுக்கும்படி கோர்ட் சொல்லலாம். கட்ட வசதி இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் டைவர்ஷனை மறுக்க முடியாது.

வேலை பற்றிய பயம் பெரிது. தண்டனையில் முடியாத கைதையோ டைவர்ஷனில் சேர்ந்ததையோ பற்றிக் கலிஃபோர்னியாவில் வேலை கொடுப்பவர் பொதுவாகக் கேட்கக்கூடாது. லேபர் கோட் 432.7 அதைத் தடுக்கிறது. தங்கிச் சிகிச்சை பெற வேண்டுமென்றால், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் ஓராண்டு முடித்தவர் எஃப்எம்எல்ஏ (குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம்) விடுப்பு பொதுவாக 12 வாரம்வரை கேட்கலாம். சம்பளம் கிடையாது, வேலை காப்பாற்றப்படும். எச்1பி உள்ளவர் விடுப்பு எடுக்கும் முன் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை.

7. திட்டத்துக்குள் இருக்கும் மாதங்கள்

சிறுநீர்ப் பரிசோதனை எந்த நாள் என்று முன்கூட்டித் தெரியாது. பல இடங்களில் தினமும் காலையில் ஓர் எண்ணுக்கு போன் செய்து, உங்கள் குழு அன்று வரவேண்டுமா என்று கேட்க வேண்டும். தவறினால் பாசிட்டிவ் என்றே எடுத்துக்கொள்வார்கள். காலையில் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்துவிட்டுப் போனாலும் மாதிரி நீர்த்துவிட்டது என்று அதே கதிதான்.

நம் சமையலறையையும் பாருங்கள். குருமாவிலும் பிரியாணி மசாலாவிலும் அரைத்து விடும் கசகசா ஓபியம் செடியின் விதை. அது பரிசோதனையில் ஓபியேட் காட்டக்கூடும். வீட்டில் கசகசாவையே அந்த மாதங்களுக்கு நிறுத்திவிடுங்கள்; கல்யாண வீட்டுச் சாப்பாட்டிலும் கேட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். அரிஷ்டம் வகை மருந்துகளில், தசமூலாரிஷ்டம் உட்பட, புளிக்கும்போதே ஆல்கஹால் உருவாகிவிடும். ஊரிலிருந்து மாமியார் கொடுத்தனுப்பிய பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், இருமல் மருந்தும் அப்படியே.

ஓபியாய்டு போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரும் சுபாக்சோன், மெத்தடோன் போன்ற மருந்தை டாக்டர் எழுதிக் கொடுத்து எடுப்பவரை, "இதுவும் போதைதானே, நிறுத்து" என்று யாராவது சொன்னால் வக்கீலிடம் உடனே சொல்லுங்கள். அது ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்துக்கே எதிராகலாம் என்று மத்திய நீதித்துறை 2022-இல் விளக்கம் கொடுத்திருக்கிறது. வீட்டிலும் யாரும் அப்படிச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள், விளைவு உயிருக்கே ஆபத்தாகும்.

பயணம்: மாநிலத்தை விட்டுப் போகவே அனுமதி தேவைப்படலாம். ஊருக்குப் போய் விசா ஸ்டாம்பிங் முடித்து வருகிறேன் என்ற எண்ணமே வேண்டாம். வழக்கு நிலுவையில் இருக்கும்போது சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் மாட்டிக்கொண்டால் கோர்ட் தேதிக்குத் திரும்ப முடியாது, வாரன்ட் வந்துவிடும். டியூஐ கைது ஒன்றுக்கே விசாவை ரத்து செய்வது உண்டு. இங்கே தங்குவதை அது உடனே பாதிக்காது. ஆனால் வெளியே போனால் புது விசாவும், தூதரகம் சொல்லும் டாக்டரின் பரிசோதனையும் வேண்டியிருக்கும். கிரீன் கார்டு உள்ளவரும் விமானம் ஏறும் முன் வக்கீலைக் கேட்க வேண்டும்.

நடுவில் ஒருமுறை சறுக்கிவிட்டால் மறைக்காதீர்கள். பரிசோதனைக்கு முன்பே வக்கீலிடமும், பிறகு அவர் சொல்கிறபடி சிகிச்சையாளரிடமும் சொல்வது நல்லது. ஒரே ஒரு சறுக்கலுக்காகத் திட்டத்திலிருந்து வெளியேற்றுவது அரிது. பெரும்பாலும் சிகிச்சையைக் கூட்டுவார்கள், டிரக் கோர்ட்டில் சில நாள் சிறை என்றும் வரலாம். காணாமல் போவதும் பொய் சொல்வதும்தான் வழக்கைத் திரும்ப ஓடவைக்கின்றன.

8. தள்ளுபடி ஆன பிறகு

வழக்கு தள்ளுபடி ஆகிப் பதிவு முத்திரையிடப்பட்டால், கைதே நடக்காததுபோல் மாநிலச் சட்டம் கருதும். குடியேற்றப் படிவங்கள் அப்படிக் கருதாது. ஐ-485 (கிரீன் கார்டு மனு), என்-400 (குடியுரிமை மனு) இரண்டும் எப்போதாவது கைதானதுண்டா என்றே கேட்கின்றன. தள்ளுபடி ஆனதும் முத்திரையிட்டதும் அதில் சேரும். 'இல்லை' என்று எழுதினால் வழக்கைவிடப் பெரிய பிரச்சினை பொய்யால் வரும்.

ஆகவே முத்திரையிடும் முன்பே கோர்ட் கிளார்க்கிடம் சான்றிட்ட பிரதிகள் வாங்குங்கள்: குற்றப்பத்திரிகை, டைவர்ஷன் கொடுத்த உத்தரவு, தள்ளுபடி உத்தரவு. சான்றுக்கு 40 டாலர், பக்கத்துக்கு 50 சென்ட். ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்கினால் பின்னால் அலைய வேண்டாம். போலீஸ் ரிப்போர்ட்டும் சிகிச்சை முடித்த சான்றிதழும் வக்கீலின் கோப்பில் இருக்கும், அதன் பிரதியையும் கேளுங்கள். ஒப்புதல் இல்லாமலே டைவர்ஷன் கிடைத்தது என்பதை இந்தப் பேப்பர்கள்தான் நிரூபிக்கும்.

சில மாதம் கழித்து லைவ் ஸ்கேன் கைரேகை கொடுத்து மாநில நீதித்துறையிடம் சொந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். 25 டாலர், அதோடு கைரேகை எடுப்பவரின் கட்டணம். தள்ளுபடி ஏறாமல் கைது மட்டும் நிற்பது நடக்கிறது. அப்படி இருந்தால் திருத்தக் கோரும் படிவம் அந்தப் பதிலோடேயே வரும். தள்ளுபடி உத்தரவின் பிரதியை இணைத்து அனுப்பிவிடுங்கள்.